ஜோஷுவா ட்ரீயில் தங்க வீடு தேடுகிறவர்களுக்கு

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வேலையில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போயிருப்பீர்கள். கடற்கரை, டிஸ்னிலாண்ட் எல்லாம் முடிந்ததும், "இந்த வாரம் பாலைவனம் போகலாமா?" என்று கேட்பார்கள். அநேகமாக அவர்கள் சொல்வது ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவாக இருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிழக்கே சுமார் 130 மைல். நெரிசல் இல்லாவிட்டால் காரில் இரண்டரை மணி நேரம். போகலாம் என்று தலையாட்டிய மறுநிமிடம் கைபேசியில் வீட்டுப் படங்கள் வந்து விழும். சுவரெல்லாம் கண்ணாடி போர்த்திய வீடு, மண் மூட்டைகளை அடுக்கிக் கட்டிய கூம்பு வீடு, வெள்ளி போல் மின்னும் அலுமினிய வண்டி, ஒரே அறையுள்ள மரக் குடில், அதன் முற்றத்தில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் குளியல். எதைத் தேர்ந்தெடுப்பது?

படத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது, சாலை எப்படிப் போகிறது, இரவில் எத்தனை விளக்கு எரிகிறது என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அது நல்ல வீடு. ஏன் என்பதைச் சொல்ல, அந்த வீடுகள் அங்கே எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பூங்காவுக்குள் விடுதி கிடையாது

ஜோஷுவா ட்ரீ 1936இல் தேசிய நினைவிடமாகவும், 1994இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 3,200 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய இடத்தில் ஒரு லாட்ஜ்கூடக் கிடையாது. சாப்பாட்டுக் கடை இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை, கைபேசி சிக்னலும் அநேகமாக இல்லை. கூடாரம் அடித்துத் தங்க சுமார் 500 இடங்கள் இருக்கின்றன. அவற்றிலும் பெரும்பாலான முகாம்களில் குடிதண்ணீர் கிடையாது. பிளாக் ராக், காட்டன்வுட் முகாம்களில் குழாய் உண்டு. மற்றபடி பூங்காவின் விளிம்பில் உள்ள சில இடங்களில்தான் பிடித்துக்கொள்ள முடியும். பூங்கா இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், நள்ளிரவிலும் உள்ளே போய் வானம் பார்க்கலாம். ஆனால் சாலையோரம் வண்டியை நிறுத்தி அதிலேயே தூங்க அனுமதி இல்லை.

ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் வருகிறார்கள். 2013 வாக்கில் இது 14 லட்சத்தைத் தொட்டிருக்கவில்லை. வந்தவர்கள் இரவில் எங்கே படுப்பது? பூங்காவின் வடக்கு விளிம்பை ஒட்டிப் போகும் 62ஆம் எண் நெடுஞ்சாலையில் உள்ள சின்ன ஊர்களில்தான். மேற்கே யக்கா வேலி, நடுவே ஜோஷுவா ட்ரீ என்ற பெயருள்ள ஊர், கிழக்கே ட்வென்டிநைன் பாம்ஸ். இவற்றிலிருந்து கிளை பிரிந்து பயனியர்டவுன், லேண்டர்ஸ், வொண்டர் வேலி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். விளம்பரத்தில் "பூங்காவுக்கு மிக அருகில்" என்று இருந்தால், எந்த வாசலுக்கு அருகில் என்று பாருங்கள். வாசல்கள் மூன்று. மேற்கு வாசல் ஜோஷுவா ட்ரீ ஊரிலிருந்து, வடக்கு வாசல் ட்வென்டிநைன் பாம்ஸிலிருந்து, தெற்கு வாசல் 10ஆம் எண் பெருஞ்சாலையிலிருந்து. தெற்கு வாசலை ஒட்டி ஊரே இல்லை. அதோடு, இந்தப் பூங்காவில் இரண்டு பாலைவனங்கள் சந்திக்கின்றன. வடமேற்கே உயரமான மொஹாவி. தென்கிழக்கே தாழ்வான, வெப்பம் கூடிய கொலராடோ பாலைவனம். பெயருக்குக் காரணமான ஜோஷுவா மரங்கள் மொஹாவி பகுதியில்தான் வளரும். தெற்கு வாசல் வழியாக நுழைகிறவர், மரத்தைப் பார்க்க வெகு தூரம் வண்டி ஓட்டியாக வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 1987இல் யூடூ இசைக்குழு 'த ஜோஷுவா ட்ரீ' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதில் உள்ள தனி மரத்தைத் தேடிப் பலர் இந்தப் பூங்காவுக்கு வருகிறார்கள். அந்த மரம் இங்கே இருந்ததே இல்லை. வடக்கே, டெத் வேலியை ஒட்டிய டார்வின் என்ற இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. அதுவும் விழுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஐந்து ஏக்கரும் ஒரு குடிலும்

முதல் உலகப் போரில் விஷவாயு பட்டு நுரையீரல் கெட்டுப்போன வீரர்களுக்கு வறண்ட காற்று நல்லது என்று 1920களில் பாசடீனாவைச் சேர்ந்த ஜேம்ஸ் லக்கி என்ற மருத்துவர் கருதினார். அவர் அனுப்பிய நோயாளிகள் ட்வென்டிநைன் பாம்ஸில் குடியேறினார்கள். அந்த இடத்தில் மாரா என்ற ஊற்றும் பனைகளும் உண்டு. அவர்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே செரானோ, செமேவேவி மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஆண் குழந்தை பிறக்கும் போதெல்லாம் ஒரு பனை நட்டார்கள், முதல் ஆண்டிலேயே இருபத்தொன்பது ஆனது, ஊர்ப்பெயர் அப்படி வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது.

1938இல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறுமனைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. விவசாயத்துக்கு உதவாத அரசு நிலத்தை ஐந்து ஏக்கர் வரையிலான துண்டுகளாக, வீடோ ஓய்வுக் குடிலோ கட்டிக்கொள்ள யாரும் குத்தகைக்குக் கேட்கலாம். குறித்த காலத்துக்குள் ஒரு சிறு கட்டடம் எழுப்பிக் காட்டினால், குறைந்த விலைக்கு நிலம் சொந்தமாகும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் லாஸ் ஏஞ்சல்ஸ் தொழிலாளிகள், ஆசிரியைகள், ஓய்வுபெற்ற தம்பதிகள் என்று ஆயிரக்கணக்கில் விண்ணப்பித்தார்கள். வார இறுதியில் பலகை, ஆணி, சிமென்ட் எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு வந்து தாங்களே கட்டினார்கள். சட்டத்துக்குக் காட்ட 12 அடிக்கு 16 அடி இருந்தால் போதும் என்றிருந்தது. நம் ஊர்க் கணக்கில் ஒரு பெரிய அறை. தண்ணீர் கிடையாது, மின்சாரம் கிடையாது. முயல்கள்தான் அக்கம்பக்கம். அதனால் 'காட்டுமுயல் குடில்' என்ற பொருளில் செல்லப்பெயர் வைத்தார்கள்.

பலர் சில கோடைகளிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் சுமந்து ஓய்ந்தவர்கள் அவர்கள். 1976இல் அந்தச் சட்டமே ரத்தானது. வொண்டர் வேலியில் கதவில்லாத, கூரை சரிந்த குடில்கள் நூற்றுக்கணக்கில் வெயிலில் நின்றன. பாழடைந்தவை என்று கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் பலவற்றை இடித்தது. தப்பிப் பிழைத்தவற்றைத்தான், பின்னால் ஓவியர்களும் இசைக்கலைஞர்களும் மலிவாக வாங்கிச் சீர்செய்தார்கள். சிற்பி நோவா பியூரிஃபாய் 1989இல் இங்கே குடிவந்து, தூக்கி எறியப்பட்ட பொருள்களைக் கொண்டே வெட்டவெளியில் பெரும் சிற்பங்கள் செய்தார். 2004இல் இறக்கும் வரை அதையே செய்துகொண்டிருந்தார். அந்த வெளி இன்றும் பார்வைக்குத் திறந்திருக்கிறது. ஆண்ட்ரியா சிட்டல் என்ற கலைஞர் 2000 வாக்கில் ஒரு பழைய குடிலை வாங்கித் தன் பட்டறையாக்கினார். ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய சிறு கூண்டுகளைப் பாறைகளுக்கிடையே வைத்து, மனிதருக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும் என்று சோதித்துப் பார்த்தார்.

2008இல் வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளம் வந்தது. கலைஞர்கள் சீர்செய்த குடில்களின் படங்கள் உலகமெல்லாம் பரவின. கொரோனா காலத்தில் விமானம் ஏற முடியாத லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் கார் எட்டும் தூரத்தில் ஆளில்லாத இடம் தேடியபோது, இந்த ஊர்கள் ஒரேயடியாக விடுமுறை வாடகை வீடுகளால் நிரம்பின. நீங்கள் கைபேசியில் பார்த்த விசித்திர வீடுகளில் பல இந்த வேகத்தில் பிறந்தவை.

என்னென்ன வகை

பழைய மரக் குடிலைத்தான் என் முதல் தேர்வாகச் சொல்வேன். ஐந்து ஏக்கர் நடுவே தனியாக நிற்கும், நாலு பக்கமும் வெட்டவெளி. சீர்செய்தவர் அடிச்சுவரை வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் வசதி சேர்த்திருந்தால், அந்த நிலத்தில் வாழ ஆசைப்பட்ட ஒரு சாதாரண மனிதரின் கைவேலை உங்களைச் சுற்றி இருக்கும். குறை என்ன என்றால் அளவு. இரண்டு பேருக்குச் சரி. தாத்தா பாட்டி, பேரக்குழந்தை என்று ஆறு பேர் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

மண் கூம்பு வீடு அடுத்தது. இதன் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி, நிலவில் வீடு கட்டுவது எப்படி என்று 1984இல் நாசா ஏற்பாடு செய்த கூட்டத்தில் தன் யோசனையைச் சொன்னார். செங்கல்லும் மரமும் எடுத்துப் போக முடியாத இடத்தில், அங்கே கிடைக்கும் மண்ணை நீளமான பைகளில் நிரப்பிச் சுருள்சுருளாக அடுக்க வேண்டும். பூமியில் கட்டும்போது அடுக்குகளுக்கு நடுவே முள்கம்பி வைத்தால் பை நழுவாது. 1991இல் இதே பாலைவனத்தின் மேற்கே ஹெஸ்பீரியா என்ற ஊரில் அதற்கென்று ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார். வளைந்த கூம்பு வடிவம் நிலநடுக்கத்தைத் தாங்கும் என்று சோதனைகளில் தேறியது. அது இங்கே முக்கியம். 1992 ஜூன் 28 அன்று லேண்டர்ஸை மையமாகக் கொண்டு 7.3 அளவு நிலநடுக்கம் வந்தது. இன்னொரு நன்மை, கெட்டியான மண்சுவர் பகல் வெயிலை மெல்ல உள்வாங்கி இரவில் மெல்ல விடும். மதியம் குளிர்ச்சி, நள்ளிரவில் இளஞ்சூடு. மண்சுவர் வீட்டுத் திண்ணையில் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அலுமினிய வண்டிகளில் பெயர்பெற்றது ஏர்ஸ்ட்ரீம். வாலி பையம் என்பவர் அதன் முதல் அலுமினிய மாடலை 1936இல், இந்தப் பாலைவனம் நினைவிடமான அதே ஆண்டில், விற்பனைக்கு விட்டார். இப்போது நிரந்தரமாக நிறுத்தி வைத்த ஏர்ஸ்ட்ரீம்களில் தங்க விடும் முகாம்கள் உண்டு. மார்ச்சிலும் நவம்பரிலும் சுகம். ஜூலையில் உலோகக் கூண்டுக்குள் ஏசி இரைந்துகொண்டே இருக்கும். கப்பல் கன்டெய்னர் வீட்டுக்கும் இதுவே பொருந்தும். நல்ல வெப்பத்தடுப்பு போட்டுக் கட்டியிருந்தால் ஒழிய, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணாடி வீடுகளில் மிகப் புகழ்பெற்றது 2019இல் முடிந்த 'இன்விசிபிள் ஹவுஸ்'. படுக்க வைத்த வானளாவிய கட்டடம் போல நீண்டு கிடக்கும். வெளிச்சுவர் முழுக்கப் பாறையும் வானமும் பிரதிபலிக்கும். உள்ளே 100 அடி நீள நீச்சல்குளம். திரைப்பட, விளம்பரப் படப்பிடிப்புகள் நடக்கும் இடம்.  அதைப் பார்த்துச் சின்ன அளவில் கண்ணாடி வீடுகள் பல முளைத்திருக்கின்றன. எனக்கு இவற்றில் மனம் ஒட்டவில்லை. பிரதிபலிக்கும் கண்ணாடியை வானம் என்று நம்பிப் பறவைகள் மோதிச் சாகும் என்பது உலகெங்கும் தெரிந்த விஷயம். பறவை வாழ்வதற்கே அரிதான இடத்தில் அப்படி ஒரு சுவர் எதற்கு?

பயனியர்டவுனில் மரப்பலகை முகப்புகளோடு ஒரு தெரு இருக்கும். 1946இல் ராய் ரோஜர்ஸ் போன்ற கவ்பாய் நடிகர்கள் சேர்ந்து, படப்பிடிப்பும் நடக்க வேண்டும், ஆட்கள் குடியும் இருக்க வேண்டும் என்று கட்டிய ஊர் அது. குழந்தைகளுக்குப் பிடிக்கும். தனி வீடு வேண்டாம், ஆள் நடமாட்டம் இருந்தால் போதும் என்பவர்கள் ட்வென்டிநைன் பாம்ஸில் மாரா ஊற்றை ஒட்டி 1928 முதல் நடக்கும் 29 பாம்ஸ் இன்னில் உள்ள பழைய மண்கல் குடில்களைப் பார்க்கலாம். இரவில் உடம்புக்கு ஏதாவது ஆனால் கூப்பிட ஆள் இருக்கும் என்பது வயதானவர்களோடு போகும்போது பெரிய நிம்மதி.

தண்ணீர் லாரி இங்கேயும் வரும்

2019 கோடையில் சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இந்தப் பகுதி சட்டென்று புரிந்துவிடும். ட்வென்டிநைன் பாம்ஸ் பக்கம் ஓர் ஆண்டுக்கு மொத்தமாகப் பெய்யும் மழை நாலைந்து அங்குலம்தான். ஊருக்குள் உள்ள வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் உண்டு, அது நிலத்தடி நீர். ஊரை விட்டு விலகிய குடில்களுக்குக் குழாய் கிடையாது. முற்றத்தில் பெரிய தொட்டி இருக்கும், லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். வீட்டுக்காரர் "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்" என்று எழுதி ஒட்டியிருந்தால் அது அலங்கார வாசகம் இல்லை. நீங்கள் சனிக்கிழமை காலியாக்கினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி வராது.

பதிவு செய்யும் முன் கேளுங்கள்: குழாயா, தொட்டியா? குடிக்கலாமா? தொட்டித் தண்ணீர் என்றால், குடிக்கத் தனியாக வாங்கிப் போவது நல்லது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் எடுத்துச் செல்லச் சொல்கிறது பூங்கா நிர்வாகம். வெயிலில் நடக்கப் போகிறீர்கள் என்றால் அதைவிடக் கூடுதலாக வேண்டும். தனிக் குளியல் தொட்டி, நீச்சல்குளம் என்று விளம்பரம் செய்யும் வீட்டைப் பார்க்கும்போது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் யோசியுங்கள். மாட்டுத் தொட்டிக் குளியல் அளவில் சிறியது. அதற்கே ஒரு குழந்தையின் உற்சாகத்தோடு இறங்கி உட்காரலாம்.

கழிவுநீருக்குப் பெரும்பாலும் செப்டிக் டேங்க். சில குடில்களில் தண்ணீரே ஊற்றாத, மரத்தூள் போடும் கழிப்பறை இருக்கும். அதைப் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூரி பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். டப்பாவில் ஊற்றிக் குப்பையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

அடுத்து, குளிர்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பழைய குடில்கள் பலவற்றில் ஏசி இருக்காது, தண்ணீர் நனைத்த பட்டைகள் வழியாகக் காற்றை இழுக்கும் ஏர் கூலர் இருக்கும். சென்னையின் ஈரக் காற்றில் தோற்றுப்போகும் கூலர், இந்த வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை மெக்ஸிகோ பக்கமிருந்து ஈரக்காற்று வரும் நாட்களில் அதுவும் கைவிட்டுவிடும். கோடையில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். ட்வென்டிநைன் பாம்ஸும் வொண்டர் வேலியும் உயரம் குறைந்தவை, அங்கே இன்னும் கூடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் தண்ணீர் உறையும் குளிர். பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் போய்ச் சளி பிடித்துத் திரும்புகிறவர்கள் உண்டு. போக வேண்டிய மாதங்கள் மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர். கோடை விடுமுறைக்கு இந்தியாவிலிருந்து வரும் பெற்றோரை ஜூலையில் இங்கே அழைத்துப் போவதை நான் ஆதரிக்கவில்லை.

மண் சாலையும் வறண்ட ஓடையும்

நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் பல வீடுகளுக்கு மண் சாலைதான். வண்டிகள் ஓடி ஓடி, துணி துவைக்கும் கல்லில் கோடு போட்டது போல அலையலையாக மேடு விழுந்திருக்கும். வேகமாகப் போனால் கார் அதிரும், மெதுவாகப் போனால் நேரம் ஆகும். சில இடங்களில் மென்மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வாடகைக் கார் எடுத்திருந்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும். எத்தனை மைல் மண் சாலை, சாதாரணக் கார் போகுமா என்று வீட்டுக்காரரிடமே கேட்டுவிடுங்கள். முந்தைய விருந்தினர்களின் கருத்துகளில் இதைத் தேடிப் படியுங்கள். படத்தில் சாலை வராது.

சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மணல் படிந்த தாழ்வான தடங்கள் போகும். அவை ஓடைகள். ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். கோடை மாலையில் எங்கோ மலையில் இடி மழை கொட்டினால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காட்டாறு போல வெள்ளம் வரும். ஓடும் தண்ணீரில் காரை இறக்கக் கூடாது. அது வடிய ஓரிரு மணி நேரம் ஆகும், அதுவரை காத்திருப்பதுதான் வழி.

சிக்னல் கிடைக்காது என்பதால் வரைபடத்தையும் வீட்டின் கதவுக் குறியீட்டையும் நெடுஞ்சாலையிலேயே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டும் முன் போய்ச் சேருங்கள். பெயர்ப்பலகை இல்லாத மண் சாலைகளில் இரவு எட்டு மணிக்கு வீடு தேடுவது பெரிய சோதனை. சாமான்களை யக்கா வேலியிலேயே வாங்கிவிடலாம், பெரிய கடைகள் எல்லாம் அங்கே உண்டு. தயிர், அரிசி, ஊறுகாய் கட்டிக்கொண்டு போனால் ராத்திரிச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

இரவு

இவ்வளவு சிரமமும் எதற்காக என்றால், இரவுக்காக. 2017இல் ஜோஷுவா ட்ரீ சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் பத்து நட்சத்திரம் எண்ணுவதே பாடு. இங்கே அமாவாசையை ஒட்டிய கோடை, இலையுதிர்கால இரவுகளில் பால்வீதி மண்டலம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பாய்ந்து கிடக்கும். மேற்கு வானில் நகரங்களின் வெளிச்சம் சற்றுத் தெரியும். கிழக்கே போகப்போக இருட்டு ஆழமாகும். வானம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், வொண்டர் வேலிக் குடில் யக்கா வேலி பங்களாவைவிட நூறு மடங்கு மேல். ட்வென்டிநைன் பாம்ஸில் பூங்கா வாசலுக்குப் பக்கத்தில் 'ஸ்கைஸ் த லிமிட்' என்ற தன்னார்வ வானாய்வு மையம் இருக்கிறது. அங்கே தொலைநோக்கி வைத்து மக்களுக்குக் காட்டுகிறார்கள்.

பல வாடகை வீடுகளின் முற்றத்தில் சரம் சரமாகக் குட்டி பல்புகள் தொங்கும். படத்துக்கு அழகு. அவை விடிய விடிய எரிந்தால் உங்களுக்கும் வானம் தெரியாது, பக்கத்துக் குடிலில் இருப்பவருக்கும் தெரியாது, இரவில் இரை தேடும் உயிர்களுக்கும் தடுமாற்றம். வந்து சேர்ந்ததும் வெளி விளக்குகளின் சுவிட்ச் எது என்று பார்த்து அணைத்துவிடுங்கள். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் கொடுங்கள். கைபேசியை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து.

சத்தமும் அப்படித்தான். தடுக்க எதுவும் இல்லாத வெளியில் பேச்சு வெகுதூரம் போகும். கவுண்டி விதிப்படி இரவு 10 முதல் காலை 7 வரை அமைதி காக்க வேண்டும். சில இரவுகளில் தூரத்தில் குண்டு வெடிப்பது போலக் கேட்டால் பயப்பட வேண்டாம். ட்வென்டிநைன் பாம்ஸுக்கு வடக்கே அமெரிக்க மரைன் படையின் பெரிய பயிற்சித் தளம் இருக்கிறது.

நெருப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முற்றத்தில் விறகு எரித்துச் சுற்றி உட்காருவது விளம்பரங்களில் தவறாமல் வரும் காட்சி. கேஸ் அடுப்புப் போன்ற நெருப்புக்குழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், காற்று வீசும் இரவில் அதுவும் வேண்டாம். ஜோஷுவா மரம் தீயோடு பழகிய மரம் இல்லை. முன்பு செடிகளுக்கு இடையே வெறும் மண் இருந்ததால் தீ பரவாது. இப்போது வெளிநாட்டுப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டது. 2020 ஆகஸ்ட்டில் வடகிழக்கே மொஹாவி தேசியக் காப்பகத்தில் மூண்ட தீ 43,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அதில் செத்த ஜோஷுவா மரங்கள் சுமார் 13 லட்சம் என்று கணக்கிட்டார்கள். அந்த மரம் ஆண்டுக்கு ஒரு சில அங்குலமே வளரும். விதை பிடிக்க யக்கா அந்து என்ற ஒரே ஒரு பூச்சியை நம்பியிருக்கிறது.

1920களில் இந்த நிலத்தின் கள்ளிகளைத் தோட்டக்காரர்கள் லாரி லாரியாகப் பிடுங்கிப்போனார்கள். வேறு சிலர் இரவில் வழிகாட்டும் வெளிச்சத்துக்காக ஜோஷுவா மரங்களைக் கொளுத்தினார்கள். அதைத் தாங்க முடியாமல், தெற்கு பாசடீனாவின் மினர்வா ஹாயிட் என்ற பெண்மணி நியூயார்க், பாஸ்டன், லண்டன் எல்லாம் போய்ப் பாலைவனச் செடிக் கண்காட்சி வைத்துப் போராடினார். 1936 அறிவிப்பின் பின்னால் இருந்தவர் அவர். 2023இல் கலிஃபோர்னியா மேற்கத்திய ஜோஷுவா மரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. தனியார் நிலத்தில்கூட அனுமதியின்றி வெட்டவோ அகற்றவோ கூடாது, பட்டுப்போன மரத்துக்கும் அந்த விதி உண்டு. முற்றத்து ஜோஷுவா மரத்தில் ஊஞ்சலும் விளக்குச் சரமும் கட்டியிருக்கும் வீடு, தான் நிற்கும் நிலத்தை மதிக்காத வீடு.

உரிமம், பக்கத்து வீடு

சான் பெர்னார்டினோ கவுண்டியும், யக்கா வேலி, ட்வென்டிநைன் பாம்ஸ் நகராட்சிகளும் விடுமுறை வாடகைக்குத் தனி உரிமம் கேட்கின்றன. விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா பாருங்கள். கூடாரத்துக்கும் சக்கர வண்டிக்கும் வேறு விதிகள் உண்டு. நீங்கள் பார்க்கும் எல்லா விளம்பரமும் அவற்றுக்கு உட்பட்டது என்று நினைக்க வேண்டாம். உரிமம் உள்ள வீட்டில் தீயணைப்பான், அவசர எண், அதிகபட்ச ஆட்கள் எத்தனை என்ற தகவல் இருக்கும். ஒரு இரவு வாடகையை மட்டும் பார்க்காமல் சுத்தம் செய்யும் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்த தொகையை ஒப்பிடுங்கள். ஒரே இரவு தங்கினால் இந்தக் கூடுதல் தொகை வாடகையில் பாதியை எட்டலாம், இரண்டு மூன்று இரவுக்குப் பிரிந்துவிடும். பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. ஒரு வாரம் செல்லும் கார்ச் சீட்டு 30 டாலர் என்று இருந்து வருகிறது.

இந்த ஊர்களில் பள்ளி ஆசிரியைகளும் கடை ஊழியர்களும் படைவீரர் குடும்பங்களும் வாழ்கிறார்கள். விடுமுறை வீடுகள் பெருகியதும் மாத வாடகைக்கு வீடு கிடைப்பது அவர்களுக்கு அரிதாகிப் போனது. பலர் விலை தாங்காமல் வெளியேறினார்கள். ட்வென்டிநைன் பாம்ஸ் நகராட்சி உரிமங்களுக்கு உச்சவரம்பு வைத்தது இந்தக் கோபத்தால்தான். அங்கேயே குடியிருந்துகொண்டு தன் மனையில் ஒரு குடிலை வாடகைக்கு விடுகிறவர் கிடைத்தால், நூறு வீடு வைத்திருக்கும் நிறுவனத்தைவிட அவரையே தேர்ந்தெடுங்கள். எந்த ஓடையில் தண்ணீர் வரும், பாம்பு எந்தப் பக்கம் நடமாடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பணமும் ஊருக்குள்ளேயே இருக்கும்.

திரும்பும் காலையில் குப்பையைக் கட்டி உள்ளே வைத்துவிடுங்கள், கயோட்டி நரிக்கு மிச்சச் சோறு போடாதீர்கள். கார் சாவியைத் திருகும் முன் குனிந்து வண்டிக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். பாலைவன ஆமை நிழலுக்காக அங்கே வந்து படுத்திருக்கலாம். அதைக் கையால் தூக்காதீர்கள். பயந்தால் மாதக்கணக்கில் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீரை அது வெளியேற்றிவிடும், அதனாலேயே செத்தும் போகும். அது தானாக நகரும் வரை காத்திருங்கள்.